உச்சி வெயிலில் ஏறும் வோல்டேஜ்: வாசகர் கேள்வி–பதில்

கூரை சோலார், காற்றாலை, துணை மின்நிலையம் என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வோல்டேஜ் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கூரையில் 3 கிலோவாட் சோலார் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு மேல் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. சில நிமிடங்களில் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. திரையில் "கிரிட் ஓவர் வோல்டேஜ்" என்று வருகிறது. இன்வெர்ட்டர் பழுதா?
– வாசகர், மதுரை

பழுதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, லைன் வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். 230 வோல்ட்டுக்கு இது 253. வோல்டேஜ் எல்லைக்குள் திரும்பி 60 விநாடியாவது நிலைத்த பிறகுதான் மீண்டும் சேரலாம். உங்கள் இன்வெர்ட்டர் இதைத்தான் செய்கிறது.

அந்த 253 எப்படி வருகிறது என்று பாருங்கள். தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்குவது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கணக்கிட்டால் 250 வோல்ட். லோடு ஏறினால் லைனில் வோல்டேஜ் இறங்கும், கடைசி வீட்டுக்கு 220 கிடைத்தால் போதும் என்ற எண்ணத்தில் அமைத்தது அது. ஞாயிறு மதியம் பட்டறையும் கடையும் மூடியிருக்கும். லோடு இல்லாததால் டிரான்ஸ்பார்மரிலேயே 245, 248 என்று நிற்கும். அதன் மேல் உங்கள் கூரை மின்சாரம் ஏறுகிறது. மின்சாரத்தைத் தள்ளுகிற முனையில்தான் வோல்டேஜ் அதிகம் இருக்கும்.

எவ்வளவு ஏறும்? 3 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 13 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து கம்பம் வரை 4 சதுர மி.மீ. தாமிர வயர் 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டருக்கு 0.28 ஓம், ஏற்றம் 3.6 வோல்ட். கம்பத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை 300 மீட்டர் 'வீசல்' என்ற வகை அலுமினியக் கம்பி என்றால் பேஸும் நியூட்ரலும் சேர்த்து 0.56 ஓம்; இன்னொரு 7 வோல்ட். டிரான்ஸ்பார்மரில் 243 இருந்தாலே உங்கள் முனையில் 253-ஐத் தாண்டிவிடும். அதே பேஸில் பக்கத்து வீட்டிலும் சோலார் இருந்தால் அதன் பங்கும் இதோடு கூடும்.

யார் பக்கம் குறை என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல மல்டிமீட்டர் போதும். வெயில் நன்றாக இருக்கும்போது, இன்வெர்ட்டர் ஓடுகையில் அதன் ஏ.சி. முனையிலும் மீட்டர் முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீட்டு வயர் மெலிதாக இருக்கிறது, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. 10 சதுர மி.மீ. வயருக்கு மாற்றினால் மேலே சொன்ன 3.6 வோல்ட் 1.4 ஆகும். அலுமினியமும் தாமிரமும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறுமனே முறுக்கிய இணைப்பு ஓராண்டில் கருகும்.

பிறகு இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு மீட்டர் முனையில் அளக்க வேண்டும். அப்போதே 250 இருந்தால் விஷயம் உங்கள் கையில் இல்லை. டிரான்ஸ்பார்மர் டேப் (வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் சுருள் இணைப்பு), நியூட்ரல் இணைப்பு, பேஸ் பங்கீடு ஆகியவற்றை மின்வாரியம் பார்க்க வேண்டும். ஒரு பேஸ் 260-ம் இன்னொரு பேஸ் 200-ம் காட்டினால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அது டி.வி., பிரிட்ஜ் எல்லாவற்றையும் எரிக்கும். உடனே மெயினை அணைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள்.

மூன்று பேஸ் சர்வீஸ் உள்ளவர்கள் மூன்று பேஸ் இன்வெர்ட்டர் வைப்பதே நல்லது. ஒவ்வொரு பேஸிலும் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகிறது. நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டம் இல்லாததால் அந்தப் பாதி ஏற்றமும் போய்விடுகிறது. அதே லைனில் ஏற்றம் ஆறில் ஒரு பங்குதான்.

சோலார் போட்டவர், "செட்டிங்கில் 270 வைத்துவிடுகிறேன், நிற்காது" என்கிறார். சம்மதிக்கலாமா? அல்லது ஸ்டெபிலைசர் வைக்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

இரண்டும் வேண்டாம். எல்லையை உயர்த்தினால் இன்வெர்ட்டர் நிற்காது, ஆனால் உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் 265 வோல்ட் போகும். ஸ்டெபிலைசர் தன் பின்னால் உள்ள கருவியைக் காக்குமே தவிர, லைன் வோல்டேஜைக் குறைக்காது. இன்வெர்ட்டருக்கும் லைனுக்கும் நடுவே அதை வைப்பது தவறு. மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும்போது அதன் ரிலேக்கள் தாறுமாறாக மாறும்.

இன்வெர்ட்டரில் 'வோல்ட்–வாட்' வசதி இருந்தால் அதை இயக்கச் சொல்லுங்கள். 248 வோல்ட்டுக்கு மேல் உற்பத்தியைச் சிறிது சிறிதாகக் குறைத்து 253-க்கு முன்பே அடக்கிவிடும். சில யூனிட் இழப்பீர்கள், முழுதாக நின்று போகாது. வோல்டேஜுக்கு ஏற்ப ரியாக்டிவ் பவரை மாற்றும் 'வோல்ட்–வார்' வசதியும் உண்டு, ஆனால் தெரு லைனில் அதன் பலன் குறைவு. காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

அதிர்வெண் நாடு முழுவதும் ஒன்றாக இருக்கிறது. வோல்டேஜ் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? தூத்துக்குடி அனல் நிலையத்தில் வோல்டேஜைக் கூட்டினால் கோவையில் சரியாகாதா?
– பாலிடெக்னிக் மாணவி, சேலம்

அதிர்வெண் தேர் இழுப்பது போல. வடத்தை எங்கே பிடித்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே வேகம்தான். கன்னியாகுமரியில் ஒரு காற்றாலை நின்றால் குஜராத்தில் ஓர் அனல் நிலையம் ஈடுகட்டலாம். 49.90–50.05 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் அதிர்வெண்ணைக் காப்பது நாடு முழுவதற்கும் பொதுவான வேலை.

வோல்டேஜ் அப்படியல்ல. அதை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு ரியாக்டிவ் பவருக்கு. மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படும் பகுதி அது. வேலையாக மாறாது, ஆனால் இல்லாவிட்டால் வேலை நடக்காது. இதைத் தொலைவுக்கு அனுப்ப முடியாது. உயரழுத்த லைனில் ரியாக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் காந்தப்புலம் தரும் தடை), ரெசிஸ்டன்ஸைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு இருப்பதால், அனுப்பும் ரியாக்டிவ் பவரில் பெரும்பகுதியை லைனே விழுங்கிவிடும். தூத்துக்குடியில் கூட்டினால் தூத்துக்குடியைச் சுற்றித்தான் ஏறும். கோவைக்கு வேண்டியதைக் கோவைப் பக்கத்திலேயே தர வேண்டும். உடுமலைப்பேட்டையிலும் திருச்சியிலும் 200 மெகாவார் (மெகாவார் என்பது ரியாக்டிவ் பவரின் அளவு) கொடுக்கவும் உறிஞ்சவும் வல்ல 'ஸ்டாட்காம்' கருவிகளை நிறுவியதன் காரணம் இதுதான்.

தெருவில் ஓடும் எல்.டி. (தாழ்வழுத்த) லைனில் கதை தலைகீழ். அங்கே ரெசிஸ்டன்ஸ்தான் பெரிது. வீசல் கம்பியில் கிலோமீட்டருக்கு 0.93 ஓம், ரியாக்டன்ஸ் அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே ரியாக்டிவ் பவரைக் கூட்டிக் குறைத்தாலும் வோல்டேஜ் அதிகம் அசையாது.

ஆரல்வாய்மொழிப் பகுதியில் எங்களிடம் 250 கிலோவாட் பழைய காற்றாலை இருக்கிறது. ரியாக்டிவ் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. கெப்பாசிட்டர் எல்லாம் மாட்டித்தான் இருக்கிறது.
– காற்றாலை உரிமையாளர், நாகர்கோவில்

மாட்டியிருப்பது வேறு, வேலை செய்வது வேறு. பழைய காற்றாலைகளில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். யூனிட்டைக் கொடுக்கும்போதே, காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை லைனிலிருந்து இழுக்கும். அதை அங்கேயே தருவதுதான் கெப்பாசிட்டரின் வேலை. உற்பத்தியில் 10 சதவீதம் வரை இழுத்தால் ஒரு விலை, தாண்டினால் இரட்டிப்பு. மாதம் 40,000 யூனிட் ஏற்றுமதி என்றால் உங்கள் எல்லைக்கோடு 4,000 கிலோவார் மணி.

முதலில் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் பேஸ் பேஸாக அளக்கச் சொல்லுங்கள். 440 வோல்ட், 25 கிலோவார் கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் 31 ஆம்பியர் எடுக்க வேண்டும். 25-க்குக் கீழே இருந்தால் உள்ளே சில சுருள்கள் போய்விட்டன. ஒரு பேஸில் மட்டும் குறைந்தால் பியூஸையும் கான்டாக்டர் முனையையும் பாருங்கள். சாதாரண மோட்டார் கான்டாக்டரைக் கெப்பாசிட்டருக்குப் போட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். சேர்க்கும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தில் அதன் முனை ஒட்டிக்கொள்ளும் அல்லது கருகும். கெப்பாசிட்டருக்கென்றே முன்-ரெசிஸ்டருடன் வரும் கான்டாக்டர்தான் வேண்டும். பிரித்த கெப்பாசிட்டரில் மின்னூட்டம் வடிவதற்குள் மீண்டும் சேர்த்தாலும் இதே சேதம்தான். கட்டுப்பாட்டுக் கருவியில் குறைந்தது ஒரு நிமிட இடைவெளி வையுங்கள்.

பலரும் மறப்பது டிரான்ஸ்பார்மரை. காற்றே இல்லாத மாதத்திலும் அது லைனில்தான் இருக்கிறது. 315 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 1.5 சதவீதம் காந்த மின்னோட்டம் எடுத்தால் 4.7 கிலோவார். ஒரு மாதத்தின் 720 மணி நேரத்துக்கு இது ஏறக்குறைய 3,400 கிலோவார் மணி. உங்கள் 4,000-த்தில் பெரும்பகுதியை இதுவே தின்றுவிடும். எல்.டி. பக்கம் 5 கிலோவார் கெப்பாசிட்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்தால் போதும். செலவு சிறியது. எங்கள் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கெப்பாசிட்டரின் அடிப்படைக் குறை ஒன்றையும் அறிந்திருங்கள். அது தரும் அளவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். வோல்டேஜ் 90 சதவீதத்துக்கு இறங்கினால் 100 கிலோவார் பேங்க் (கெப்பாசிட்டர் தொகுதி) 81 தான் தரும். 80 சதவீதத்தில் 64. தேவை அதிகமாகும் நேரத்தில் கை குறையும். ஸ்டாட்காம் அப்படியல்ல, வோல்டேஜ் இறங்கினாலும் முழு மின்னோட்டத்தைத் தரும்.

பேங்கை அளவுக்கு மீறிப் பெரிதாக்கவும் கூடாது. லைன் அறுந்த நேரத்தில் ஜெனரேட்டரும் கெப்பாசிட்டரும் தம்மைத் தாமே தூண்டிக்கொண்டு வோல்டேஜைத் தாறுமாறாக ஏற்றும். லைன் போனதும் முதலில் விலக வேண்டியது கெப்பாசிட்டர்கள்தான்.

எங்கள் 11 கே.வி. ஃபீடரில் 5 கி.மீ. தள்ளி 2 மெகாவாட் சோலார் பண்ணை வந்திருக்கிறது. மேகம் வந்தால் போதும், பவர் டிரான்ஸ்பார்மரின் டேப் சேஞ்சர் ஓயாமல் ஏறி இறங்குகிறது. பவர் ஃபேக்டரும் (மொத்த மின்சாரத்தில் வேலையாக மாறும் பகுதியின் விகிதம்) மதியம் 0.7 என்கிறது.
– துணை மின்நிலையப் பணியாளர், ராமநாதபுரம் மாவட்டம்

கணக்கைப் போட்டால் விடை தெரியும். வோல்டேஜ் ஏற்றம் என்பது மெகாவாட்டை ரெசிஸ்டன்ஸாலும் மெகாவாரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டி, கே.வி.யின் இருமடியால் வகுப்பது. 'டாக்' கம்பி 5 கி.மீ.க்கு 1.4 ஓம் ரெசிஸ்டன்ஸ், சுமார் 1.7 ஓம் ரியாக்டன்ஸ். 2-ஐ 1.4-ஆல் பெருக்கி 121-ஆல் வகுத்தால் 2.3 சதவீதம். மேகம் மூடி உற்பத்தி ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால், ஒரு நிமிடத்துக்குள் பண்ணை முனையில் 1.8 சதவீத வோல்டேஜ் இறங்கும்.

இது பண்ணை முனையில். உங்கள் பஸ்பாரில் (நிலையத்தில் எல்லா ஃபீடர்களும் சேரும் பொதுக் கம்பியில்) அசைவு இதைவிடக் குறைவுதான், இருந்தும் டேப் ஓடுகிறது என்றால் ரிலே செட்டிங் மிக இறுக்கமாக இருக்கிறது. டேப்பின் ஒரு படி 1.25 சதவீதம் என்றால், ரிலேயின் அசையா எல்லை மொத்தம் 2.5 சதவீதமாவது இருக்க வேண்டும். அது ஒரு படியைவிடவும் குறைவாக இருந்தால் ஒரு படி ஏறியதும் எல்லையைத் தாண்டி, உடனே ஒரு படி இறங்கும். தாமதத்தை 30 விநாடியிலிருந்து 60–90 விநாடிக்கு நகர்த்துங்கள், பெரும்பாலான மேகங்கள் கடந்துவிடும். லைனில் இறங்கும் வோல்டேஜை மின்னோட்டத்தைப் பார்த்து ஈடுகட்டும் 'லைன் டிராப் காம்பன்சேஷன்' இயங்கிக்கொண்டிருந்தால் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். ஃபீடர் மின்னோட்டம் குறைந்ததை அது லோடு குறைந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பின்னோக்கிப் பாய்ந்தால் இன்னும் குழம்பும். டேப் எண்ணியின் அளவைத் தினமும் காலை குறித்து வாருங்கள், முனைகளின் தேய்மானம் அதில் தெரிந்துவிடும்.

பண்ணைக்காரரிடம் 0.95 பவர் ஃபேக்டரில் ரியாக்டிவ் பவரை உறிஞ்சச் சொல்லலாம். 0.66 மெகாவார் உறிஞ்சினால் ஏற்றம் 2.3-லிருந்து 1.4 சதவீதமாகும். அதற்கு அவருடைய இன்வெர்ட்டர்களின் மொத்த அளவு 2.1 எம்.வி.ஏ. இருக்க வேண்டும். சரியாக 2 எம்.வி.ஏ. வாங்கிப் போட்டு, 'வாட் முன்னுரிமை' என்று வைத்திருந்தால், நண்பகலில் உறிஞ்சுவதற்கு இடமே இருக்காது, தேவைப்படுவதோ நண்பகலில்தான். திட்ட ஒப்புதல் கட்டத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

0.7-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ஃபீடரின் வாட் தேவையைச் சோலார் தின்றுவிட்டது, மோட்டார்களின் வார் தேவை மட்டும் உங்கள் வழியாகப் போகிறது; விகிதம் மோசமாகத்தான் தெரியும். கிலோவார் அளவு காலையில் இருந்ததைவிட ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரவில் வோல்டேஜ் ஏறினால் 400 கே.வி. லைன்களையே அணைத்துவைக்கிறார்களாமே, உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

உண்மை. பேஸுக்கு இரட்டைக் கம்பி உள்ள 400 கே.வி. லைன் ஒன்று கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.55 மெகாவார் தானாக உற்பத்தி செய்யும், 200 கி.மீ. லைன் என்றால் 110 மெகாவார். சுமார் 500 மெகாவாட்டுக்கு மேல் சுமை ஏறினால் லைன் ரியாக்டிவ் பவரை விழுங்கும், குறைந்தால் வெளியே தள்ளும். காற்றுக்காக அமைத்த லைன்கள் காற்றில்லாத மாதங்களில் காலியாகக் கிடக்கும். ரியாக்டிவ் பவரை உறிஞ்சும் ஷன்ட் ரியாக்டர்களைச் சேர்த்த பிறகும் 420 கே.வி.யைத் தாண்டினால், லைனைத் திறப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. எங்கள் பார்வையில் இது கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும். லைன் திறந்திருக்கும்போது இன்னொன்று பழுதானால் தாங்கும் பலம் குறைந்துபோகிறது.

2025-இல் ஸ்பெயின் இருளில் மூழ்கியது சோலாரால்தான் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

2025 ஏப்ரல் 28, பகல் 12:33. தீவுகள் நீங்கலாக ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுவதுமாக இருண்டன. அப்போது ஸ்பெயினின் உற்பத்தியில் பாதிக்கு மேல் சோலார் என்பது உண்மை. ஆனால் மேகம் வந்து உற்பத்தி விழவில்லை. விழுத்தியது மிகை வோல்டேஜ்.

அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் கிரிட்டில் இரண்டு முறை அலைவு (வோல்டேஜும் அதிர்வெண்ணும் ஊசலாடுவது) தோன்றியது. அதை அடக்க ஏற்றுமதியைக் குறைத்தார்கள், கூடுதல் லைன்களைச் சேர்த்தார்கள். அலைவு அடங்கியது. சுமை குறைந்த லைன்கள் ரியாக்டிவ் பவரைத் தள்ள, வோல்டேஜ் ஏறத் தொடங்கியது. அதை உறிஞ்ச வேண்டிய வழக்கமான மின்நிலையங்களில் சில போதிய அளவு உறிஞ்சவில்லை. சோலார், காற்றாலைகளுக்கோ அன்றிருந்த விதி, மாறாத பவர் ஃபேக்டரில் ஓடு என்பது. வோல்டேஜ் ஏறினாலும் அவை பதில் தரக் கட்டாயமில்லை.

கிரனாடா பகுதியில் ஒரு டிரான்ஸ்பார்மர் முதலில் டிரிப் ஆனது. அதன் வழியே சுமார் 355 மெகாவாட் வந்துகொண்டிருந்தது, ரியாக்டிவ் பவரையும் அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது போனதும் உறிஞ்சலும் போயிற்று, வோல்டேஜ் இன்னும் ஏறியது. பதாஹோஸ், செவில்லே பகுதி நிலையங்கள் அடுத்தடுத்து விலகின. ஒவ்வொரு விலகலும் அடுத்ததை வரவழைத்தது. அதே ஆண்டு ஜூனில் ஸ்பெயின் விதியை மாற்றி, புதுப்பிக்கத்தக்க நிலையங்களும் வோல்டேஜைக் கட்டுப்படுத்த வழி செய்தது. இன்வெர்ட்டருக்கு அந்தத் திறமை முன்பே இருந்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தது மனிதர் எழுதிய விதி.

நம் நாட்டில் பெரிய சோலார், காற்றாலை நிலையங்கள் 0.95 பவர் ஃபேக்டர் வரை ரியாக்டிவ் பவரைக் கொடுக்கவும் உறிஞ்சவும் வல்லவையாக இருக்க வேண்டும். லைன் பழுதில் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 0.3 விநாடி விலகாமல் நிற்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் விதித்திருக்கிறது. ஏட்டில் இருப்பது களத்தில் இருக்கிறதா என்று சோதிப்பதில்தான் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

பேட்டரி வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுமா?
– வாசகர், கோவை

எந்த இன்வெர்ட்டருடன் வருகிறது என்பதைப் பொறுத்தது. இன்று பெரும்பாலானவை கிரிட்டின் வோல்டேஜை அளந்து அதைப் பின்தொடர்பவை. பின்தொடர நிலையான வோல்டேஜ் இல்லாத பலவீனமான லைன் முனையில் அவையே தடுமாறும். தாமே வோல்டேஜை உருவாக்கி நிற்கும் 'கிரிட் ஃபார்மிங்' வகைதான் சுழலும் ஜெனரேட்டரின் இடத்தை ஓரளவு நிரப்பும். தென் ஆஸ்திரேலியா 2017-இல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரியை வைத்த பிறகும், 2021-இல் டேவன்போர்ட், ராபர்ட்ஸ்டவுன் என்ற இரு இடங்களில் நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்களை நிறுவியது. எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழன்று வோல்டேஜைத் தாங்கும் இயந்திரங்கள் அவை. அவை வந்த பின்புதான் எப்போதும் ஓடியே தீர வேண்டிய பெரிய எரிவாயு யூனிட்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்க முடிந்தது.

பேட்டரி டெண்டர் போடுகிறவர்கள் மெகாவாட் மணியை மட்டும் எழுதாமல் இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும்: கிரிட் ஃபார்மிங் உண்டா, மின்னூட்டம் தீர்ந்த நிலையிலும் எத்தனை மெகாவார் தரும், பழுதின்போது எத்தனை மடங்கு மின்னோட்டத்தை எத்தனை விநாடி தாங்கும்.